பதினைந்தாம் ஸ்தலம்

எங்கள் ஊரில் தவக்காலம் வந்துவிட்டால் அதிகம் சந்தோஷப்படுவது கோழிகள்தான். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பும் சனம், கூடைக்கடியில் கொக்கரிப்பதை ஒரு பார்வை பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு ஈஸ்டர் வரைக்கும் அதை மறந்துவிடும். கறி மட்டுமில்லை, ஆளுக்கொன்றை விட்டாக வேண்டும். அப்பா பீடியை விட்டார். அம்மா காலைக் காப்பியை விட்டாள். அதனால் உச்சிப்பொழுது வரை அவள் பக்கத்தில் யாரும் போக முடியாது. நான் ஜவ்வு மிட்டாயை விட்டேன். கோபத்தை விடுகிறேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அது ஏராளமாக இருந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாத முதல் தவக்காலம் அது. அந்த வருஷம் எனக்கும் பெரியப்பா மகளுக்கும் சேர்ந்தே புது நன்மை. அதாவது ஈஸ்டர் முடிந்ததும் வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்து, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவோம். இரண்டு கவுனையும் ஒரே துணியில் தைக்க வேண்டும் என்று எங்களுக்குள் எப்போதோ முடிவாகியிருந்தது. ஆனால் அவர்கள் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. எங்கள் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று அவளுக்கும் உத்தரவு இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு திரிவோம். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், இந்தப் பெரிய மனுஷர்கள் இருவரும் பேசித் தொலைத்தால் போதும் என்று இருந்தது.

சண்டை தாத்தா சாவில் வந்தது. அதற்கு முந்தின ஆனி மாதம் தாத்தா இறந்தபோது அப்பா குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். தகவல் போய், ஜீப் பிடித்துக் கிளம்பியவர், மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்ததில் மாட்டிக்கொண்டார். இங்கே மழை விடாமல் பெய்து குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. சாமியாருக்கு அடுத்த ஊரில் பூசை. பெரியப்பா கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அடக்கம் செய்துவிடச் சொல்லிவிட்டார். அப்பா நனைந்து வந்து சேர்ந்தபோது மேடு கட்டி, சிலுவை நட்டு, சனம் எல்லாம் கலைந்திருந்தது. பெற்ற அப்பனுக்கு ஒரு பிடி மண் போட முடியவில்லை.

“எங்கப்பன் முகத்தையும் காட்டல, மண்ணும் போட விடல. இனி எனக்கு அண்ணன் இல்ல” என்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று கத்தியவர்தான். அதற்குப் பிறகு தோட்டத்து வேலையையும் விட்டுவிட்டு ஊரோடு வந்து திராட்சைப் பந்தல் போட்டார். பெரியப்பா பந்தலும் எங்கள் பந்தலும் அடுத்தடுத்துதான். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எப்படி இருந்தார்களோ, அதற்கே தனித் திறமை வேண்டும்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இயேசு சிலுவை சுமந்து போனதை நினைத்துச் செபிக்கும் சிலுவைப் பாதை எங்கள் ஊரில் கோயிலுக்குள் நடக்காது. வேங்கை மரத்தில் செய்த பெரிய சிலுவையைத் தூக்கிக்கொண்டு தெரு வழியாகப் போய், கல்லறைத் தோட்டத்தைக் கடந்து, ஊருக்கு மேற்கே இருக்கும் கரட்டு உச்சியில் முடிப்பார்கள். வழியில் நின்று செபிக்க மொத்தம் பதினாலு ஸ்தலம். ஒவ்வொரு ஸ்தலமும் ஒரு வீட்டாரின் அல்லது ஒரு தெருவாரின் பொறுப்பு. அந்த இடத்தில் மேசை போட்டு மெழுகுவத்தி ஏற்றி வைக்க வேண்டும். செபம் முடிந்ததும் சிலுவையை வாங்கி அடுத்த ஸ்தலம் வரை சுமக்க வேண்டும். சிலுவை நிற்கும் இடத்தில் சனம் அத்தனையும் மண்ணில் முட்டி போடும். நாலாம் ஸ்தலம் எங்கள் வாசல். ஐந்தாம் ஸ்தலம் தெருக்கடைசியில் பெரியப்பா வாசல். இயேசு சுமக்க முடியாமல் தள்ளாடும்போது சீமோன் என்பவர் வந்து தோள் கொடுக்கும் ஸ்தலம் அது. முறையைப் பிரித்துக் கொடுத்ததே தாத்தாதான்.

ஆக, அப்பா தோளிலிருந்து சிலுவை பெரியப்பா தோளுக்குப் போயாக வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தது. பெரியப்பா துண்டைச் சும்மாடு மாதிரி மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். செபம் முடிந்தது. அப்பா அவர் இருந்த பக்கமே திரும்பாமல் சிலுவையோடு நடையைக் கட்டினார். கல்லறைத் தோட்டம் தாண்டி ஆறாம் ஸ்தலத்தில் கீழத்தெருக்காரர்கள் கை நீட்டினார்கள். அவர்களுக்கும் கொடுக்கவில்லை. அண்ணனுக்கு மட்டும் கொடுக்காமல் மற்றவர்களுக்குக் கொடுத்தால் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிடும் அல்லவா? அதனால் யாருக்குமே கொடுக்காமல், செருப்பில்லாத காலோடு கரட்டு உச்சி வரைக்கும் தான் ஒருத்தராகவே சுமந்து தீர்த்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஊர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது.

“உங்க வீட்டுக்காரக மாதிரி உண்டா! ஒத்தை ஆளா கரட்டுக்குக் கொண்டு சேத்துட்டாகளே!” என்று குழாயடியில் அம்மாவிடம் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சாமியாரும், பேர் சொல்லாமல், நம் பங்கில் ஒரு மனிதர் எப்படித் தவம் செய்கிறார் பாருங்கள் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பித் திரும்பி எல்லோரையும் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தாழ்ச்சி என்று நினைத்தேன்.

அம்மா மட்டும் வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். காப்பி குடிக்காத நேரம் வேறு.

“பக்தியாம்ல பக்தி! நல்லா வந்துரும் என் வாயில. வீம்பு, வெறும் வீம்பு. ஊரு வேணா ஏமாறட்டும், கர்த்தருக்குத் தெரியாதா?”

அப்பாவுக்குப் புலிவாலைப் பிடித்த கதையாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கை நீட்டக்கூட யாரும் வரவில்லை. “இன்னைக்கும் நீங்கதான், உங்க தவத்தைக் கெடுப்பமா?” என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். பெரியப்பா ஒருவர்தான் ஒதுங்கவில்லை. மடித்த துண்டைத் தோளில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். அதற்கடுத்த வெள்ளியும் நின்றார். கொடுக்க மாட்டார் என்று தெரிந்தும் மெழுகுவத்தி ஏற்றி, வாசல் தெளித்து, நின்றார்.

“ஏம்ப்பா, நீங்கதான் குடுக்க மாட்டீகளே, பெறகு பெரியப்பா எதுக்கு வாராவாரம் துண்டை மடிச்சுக்கிட்டு நிக்கிறாக?” என்று நான் ஒருநாள் கேட்டேன். அப்பா வெந்நீர் ஒத்தடத்துக்குத் தோளைக் காட்டிக்கொண்டிருந்தார். தோல் வழண்டு சிவந்திருந்தது. அம்மா துணியைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். அப்பா ‘ஸ்ஸ்’ என்றார்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனம் நடந்தது. எனக்கும் பெரியப்பா மகளுக்கும் அது முதல் தடவை. சொல்வதற்குப் போதுமான பாவம் இல்லையே என்று வரிசையில் நின்றபடி கவலைப்பட்டோம். அவள் தன் தம்பியைக் கிள்ளியதைச் சொல்லப் போகிறாளாம். எனக்குத் தம்பி இல்லாததால் அவள் தம்பியை நானும் ஒரு தடவை கிள்ளியதாகச் சொல்லிக்கொள்ள அனுமதி கொடுத்தாள். அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் அப்பா நின்றார். முறை வந்ததும் பின்னால் நின்றவரை முன்னே போகச் சொன்னார். அடுத்தவரையும் போகச் சொன்னார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலை விட்டு வெளியே போய்விட்டார். இவ்வளவு தூரம் சிலுவை சுமந்தவருக்குப் பாவம் எங்கே மிச்சமிருக்கப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. ஐந்தாம் ஸ்தலத்தில் செபம் முடிந்து அப்பா சிலுவையை ஒரு எக்கு எக்கித் தூக்கினார். வலியில் முகம் கோணியது. பெரியப்பா இரண்டு எட்டு முன்னால் வந்தார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்து, அப்பாவின் தோளுக்கும் மரத்துக்கும் நடுவில் பதமாகச் செருகினார். திரும்பிப் போய் வாசலில் நின்றுகொண்டார். அப்பா கொஞ்சம் நின்றார். பிறகு நடந்தார். அன்றைக்குக் கரட்டில் அவர் நடை தடுமாறிக்கொண்டே இருந்தது.

துண்டை அம்மா துவைத்து மடித்துக் கொடியில் போட்டாள்.

“இதைக் கொண்டு போய் அவுக வீட்ல குடுத்துட்டு வா ஆத்தா” என்றார் அப்பா என்னிடம்.

படி மிதிக்க அனுமதியே கிடைத்துவிட்டது என்று நான் ஒரே துள்ளலாக எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள். “பிள்ளை எதுக்குப் போகணும்? வாங்குனது யாரு? வாங்குனவுகளே கொண்டு போய்க் குடுக்கட்டும்” என்றாள். எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. துண்டு கொடியிலேயே கிடந்தது. பெரிய வியாழன் அன்று அப்பா அதைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கை சட்டைப் பையில் இல்லாத பீடியைத் தேடிக்கொண்டிருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் சிலுவைப் பாதை காலையிலேயே கிளம்பும். பங்குனி வெயில் சும்மா விடுமா? மண் கொதித்தது. எல்லோரும் வெறுங்கால், வெறும் வயிறு. அப்பா அந்தத் துண்டைத் தோளில் வைத்துச் சிலுவையை வாங்கினார். ஐந்தாம் ஸ்தலத்தில் பெரியப்பா வெறுந்தோளோடு நின்றார். செபம் முடிந்து சனம் எழுந்தது. பாட்டுக்காரர்கள் பாட்டை எடுத்தார்கள். சிலுவை நகரவில்லை. பாட்டு அப்படியே தேய்ந்து நின்றது. அப்பாவுக்கு மயக்கம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“அண்ணே” என்றார் அப்பா.

ஆனி மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

“அண்ணே, தோளு முடியல.”

“தெரியும்ல” என்றார் பெரியப்பா. “ஆறு வாரமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நீ முன்னால பிடி. நான் பின்னால வாரேன்.”

இருவருமாகத் தூக்கினார்கள். பெரியப்பா மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கவுன் துணி எடுக்க இன்னும் நாள் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்ததும் பெரியப்பா, “நில்லுடா” என்றார். அங்கே ஸ்தலம் எதுவும் கிடையாது. ஆறாவது இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. இருவரும் சிலுவையின் அடியைத் தரையில் ஊன்றினார்கள். பெரியப்பா இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு நான் காத்துருந்துருக்கணும். குழியில தண்ணி ஊறுது, சாமிக்கு நேரமாச்சுன்னாக, நான் பயந்துட்டேன். தப்புதான். நீ உள்ள போய் அப்பாவுக்கு மண்ணப் போட்டுட்டு வா. எம்புட்டு நேரமானாலும் சரி, இங்கன நிக்கேன்.”

அப்பா கேட்டைத் திறந்து உள்ளே போனார்.

சிலுவை நின்றதைப் பார்த்த பின்வரிசைச் சனம் வழக்கப்படி முட்டி போட்டது. அவர்களைப் பார்த்து முன்வரிசையும் போட்டது. நாங்களும் போட்டோம். நெருஞ்சி முள் மண்டிய இடம் அது.

“இது எத்தனாவது ஸ்தலம்டி?” என்று பெரியப்பா மகள் காதில் கேட்டாள்.

“தெரியல. புதுசாப் போட்டுருக்காக போல” என்றேன்.

சாமியார் கையிலிருந்த புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பெரியப்பாவைப் பார்த்தார். கல்லறைகளுக்கு நடுவில் முதுகு காட்டி நின்ற அப்பாவைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அவரும் முட்டி போட்டார். பெரியப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. இளவட்டங்கள் சிலர் பிடிக்கப் போனார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அப்பா வருகிற வழியாகக் காணோம். வந்தபோது கையெல்லாம் செம்மண். துடைக்காமலே வந்து சிலுவையைப் பிடித்தார். அதற்கப்புறம் ஆறாம் ஸ்தலத்தில் கீழத்தெருக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, அண்ணனும் தம்பியும் எல்லோரையும் போலக் கூட்டத்தோடு கரடு ஏறினார்கள்.

ஈஸ்டர் கழிந்து புது நன்மைக்கு முன், எங்களுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எங்களைக் கேள்வி கேட்டார். சிலுவைப் பாதையில் எத்தனை ஸ்தலம்? நானும் பெரியப்பா மகளும் ஒரே குரலில் “பதினஞ்சு” என்றோம்.

“பதினைந்தாவது எது?”

“கல்லறைத் தோட்டம் சிஸ்டர். பெரியப்பா சிலுவையப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக, அப்பா உள்ள போய்ட்டு வருவாக” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு பேரையும் பெஞ்சு மேல் ஏற்றினார் சிஸ்டர்.

அந்த அவமானத்தோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நியாயம் கேட்டேன். அவர் பெரியப்பாவோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சிஸ்டர் சொல்றதுதான் சரி ஆத்தா. பதினாலுதான்” என்றார் அப்பா.

“அப்ப அங்கன எதுக்கு நின்னோம்? ஒரு பிடி மண்ணு போட அம்புட்டு நேரமா? உள்ள போய் என்னதான் செஞ்சீக?”

“ஒண்ணும் செய்யல. சும்மா நின்னேன்” என்றார். பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சும்மா நிற்பதற்காகவா ஊர்ச் சனம் அத்தனையையும் முள்ளில் முட்டி போட வைத்தார் என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், முழங்காலில் இன்னும் ஆறாமல் இருந்த நெருஞ்சிப் புண்ணைப் பாவாடையைத் தூக்கி இரண்டு பேருக்கும் காட்டினேன்.