கம்பிச் சடக்கில் மேய்ந்த மாடுகள்

மலாக்கா ஊரே ரயில் திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த காலத்தில், வரவே கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் காஜா பெராங் பகுதியில் பால் விற்கும் பூங்காவனம்தான். ரயிலோடு அவளுக்குப் பகை ஒன்றும் கிடையாது. தம்பின் ஊரிலிருந்து வந்த அந்த ரயிலில்தான் புதுப்பெண்ணாக வந்து இறங்கினாள். வழியெல்லாம் வாந்தி எடுத்தாள் என்பது வேறு விஷயம். இப்போது அவள் வீடும் மாட்டுக் கொட்டகையும் நின்றது அந்த ரயில் ஓடிய மேட்டின்மேல். ரயில் வந்தால் கொட்டகை போகும், கொட்டகை போனால் சோறு போகும்.

வெள்ளைக்காரன் போட்ட கம்பிச் சடக்கை, அதாவது ரயில் தண்டவாளத்தை, ஜப்பான்காரன் கழற்றிக்கொண்டு போனான், சயாமில் பாதை போட. கழற்றிய கூட்டத்தில் அவள் புருஷன் மருதமுத்துவும் ஒருவர். கம்பி போடும் கூலியாக இருந்தவர், தான் அடித்த ஆணியைத் தானே பிடுங்கினார். அன்று சாப்பிடாமல் படுத்தவர், ஜப்பான் சண்டை முடிந்தும் ஒரு வேலையில் ஒழுங்காக ஒட்டவில்லை. எதில் சேர்ந்தாலும் கொஞ்ச நாளில் வந்துவிடுவார். கேட்டால், "அடுத்த தீபாவளிக்குள்ள கம்பி வந்துரும் புள்ள. அப்ப என்னயத்தான கூப்புடுவாங்க?" என்பார்.

தீபாவளிகள் வந்தன. கம்பி வரவில்லை. மேட்டில் புல்தான் இடுப்பளவு வளர்ந்தது. இத்தனை புல்லைச் சும்மா விட பூங்காவனத்துக்கு மனசு வரவில்லை. ஒரு கன்றை வாங்கிக் கட்டினாள். அது பசுவாகி, கொட்டகை நிறைந்து, காஜா பெராங்கில் பாதி வீட்டுக் காப்பி அவள் பாலில்தான் கலந்தது. தமிழ் மறந்துபோன மலாக்கா செட்டி வீட்டுப் பெண்கள் மலாயில் பேரம் பேசுவார்கள், இவள் தமிழில் திட்டுவாள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் பால் போய்ச் சேரும்.

அந்தப் பாலில் காப்பி குடித்துவிட்டு மருதமுத்து குறை சொல்வார்.

"இது ரயிலு நெலம். கம்பி வந்தா மாட்டையெல்லாம் எங்க கட்டுவ?"

"ஒங்க கழுத்துலதான்" என்பாள்.

மெர்டேக்கா என்று சுதந்திரப் பேச்சு கிளம்பியதும் காப்பிக் கடையெல்லாம் இதே கதை. சுதந்திரம் வந்தால் ரயிலும் வரும் என்றார்கள், ஏதோ சுதந்திரமே ரயிலேறித்தான் வரப்போகிறது என்பது மாதிரி. வெள்ளிக்கிழமை தோறும் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகத்தான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போவார்கள். அவர் ரயில் வரவேண்டும் என்று தேங்காய் உடைப்பார். அவள் பின்னால் நின்று, வரக்கூடாது என்று தோப்புக்கரணம் போடுவாள். பிள்ளையார் பாடுதான் திண்டாட்டம்.

மெர்டேக்கா வந்த வருஷமே, கருணாகரன் என்ற யாழ்ப்பாணத்து நில அளவையர் சங்கிலியும் முக்காலியுமாக மேட்டில் வந்து நின்றார். பழைய கம்பி எந்த வழியாகப் போனது என்று காட்ட ஆள் வேண்டும் என்றார். மருதமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிக்குள் கிடந்த பழைய ரயில் வேலைக் காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். வயிறு பட்டன் போட விடவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

பூங்காவனம் பின்னாலேயே போனாள். அவர் விறுவிறுவென்று மேட்டோடு நடந்து ஒவ்வொரு இடமாகக் காட்டினார். கொட்டகைக்கு முன்னால் வந்ததும் நின்றார். மாடுகளைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சாக்கடைப் பக்கம் கை நீட்டினார்.

"இந்த எடத்துல கம்பி வளைஞ்சு அப்படிக்கா போச்சுங்கய்யா."

பூங்காவனம் சாக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே வளைவும் இல்லை, ஒன்றும் இல்லை. வேறு எதில் புளுகினாலும் கம்பி விஷயத்தில் புளுகாத மனுஷன். சொல்லிவிட்டு அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

கொட்டகை பிழைத்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்தக் கிழவனுக்குப் பாதையே தெரியவில்லை என்று அளவையர் எழுதிவிட்டால், நாளைக்கு இவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அளவையர் பின்னால் ஓடினாள்.

"ஐயா, அவரு சொன்னது பொய்யி. கம்பி நேராத்தான் போச்சு, எங்க கொட்டா வழியாத்தான். ரயிலு வரட்டும். மாட்ட நான் வேற எங்கயாச்சும் கட்டிக்கிறேன்."

கருணாகரன் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"ரயில் வருமெண்டு ஆர் அம்மா சொன்னது? அது இனி வராது. இந்தக் காணி ரயிலுக்கு வேண்டாமெண்டுதான் நான் அளந்து குடுக்கிறன். நீங்கள் பயப்பிடாமல் இருந்த இடத்திலையே இருங்கோ."

இத்தனை காலம் பிள்ளையாரிடம் கேட்டது கைக்கு வந்துவிட்டது. அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள்.

"இத அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்கய்யா" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மருதமுத்து காக்கிச் சட்டையோடேயே உட்கார்ந்திருந்தார்.

"எங்க ஓடுன? என்னா சொன்னாரு?"

"கம்பி வருமாம்."

"நெசமாவா?"

"மெதுவாத்தான் செய்வாங்களாம். ஆனா வருமாம்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு. உடனே எழுந்து வாசலுக்குப் போய்க் கொட்டகையைப் பார்த்தார். "அப்ப மாடுங்களுக்கு ஒரு நல்ல எடமாப் பாக்கணுமே புள்ள" என்று கவலையோடு சொன்னார்.

பூங்காவனம் வாளியை எடுத்துக்கொண்டு பால் கறக்க உட்கார்ந்தாள். இரண்டு கையும் பசுவின் மடியில் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.