டிரம்ஸ் இல்லாமல் பாட்டுக் கட்டிய கோமதி மதினி

அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். வக்கீல் ஒருவருடைய லேப்டாப்பைக் கழற்றி, உள்ளே எறும்புகள் குடியேறியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ராஜபாளையத்திலிருந்து அண்ணன் போன் செய்தார். "உங்க மதினி போயிட்டாடா. காப்பி போடப் போனவ அடுப்படியிலயே உக்காந்துட்டா. நீ கிளம்பி வா" என்றார். போனை வைத்துவிட்டார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நான் அந்த லேப்டாப்பின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, மூடி, ஒரு துணியால் துடைத்தும் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

கோமதி மதினியைப் பெயர் சொல்லித் தெரியாதவர்களுக்கும் 'கீபோர்டு அக்கா' என்றால் தெரிந்திருக்கும். சோழபுரத்திலிருந்து ஆலங்குளம் வரை எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி கேட்டவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்திருப்பார்கள். பாடுகிறவர்கள் முன்னால் நிற்க, பின்னால் இடது ஓரத்தில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கீபோர்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே உட்கார்ந்திருப்பார். கூட்டத்தை அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

மதினிக்குச் சொந்த ஊர் சோழபுரம். அவருடைய அப்பா பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். மதினி யாரிடமும் முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை. காதால் கேட்டதைக் கைக்குக் கொண்டுவந்தார். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்த என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்த பிறகு பல வருடங்கள் எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. இளைய மகள் கல்லூரிக்குப் போன பிறகுதான் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கினார். பக்கத்து வீட்டு வளைகாப்பில் அவர் வாசித்ததைக் கேட்ட சாமுவேல் அண்ணாச்சி, தன்னுடைய இசைக்குழுவில் வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டார். திருவிழா மேடையில் வீட்டுப் பெண் வாசிப்பதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணன் அவர்களிடம், "அவ வாசிக்கப் போறா, நான் பெட்டி தூக்கப் போறேன். உங்களுக்கு என்ன?" என்று கேட்டார். கடைசிவரை தூக்கவும் செய்தார்.

கம்ப்யூட்டரை மதினிக்கு அறிமுகம் செய்தவன் நான். அந்தக் காலத்தில் நான் ஒரே ஒரு கம்பெனியின் லேப்டாப்புகளை மட்டும் விற்றுக்கொண்டிருந்தேன். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். முதல் லேப்டாப்பை அவர் கையில் கொடுத்தபோது, இது நல்ல கம்பெனியா என்று கேட்டார். நான் விற்கிற கம்பெனி என்றேன். "அப்பம் நம்ம கம்பெனின்னு சொல்லுங்க தம்பி" என்றார். அன்று முதல் அது 'நம்ம கம்பெனி'. உலகத்தில் மற்ற எல்லாக் கம்பெனிகளும் 'அவிய கம்பெனி'.

நம்ம கம்பெனி அவரைப் படாத பாடு படுத்தியது. மூடியின் கீல் உடைந்து ரப்பர் பேண்டில் நின்றது. உள்ளே ஓடும் விசிறி கிரைண்டர் போல இரைந்தது. காற்று போகட்டும் என்று மதினி அதை மாவுச் சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து வேலை செய்தார். திரை உறைந்து நின்றுவிட்டால் அதன் முதுகில் தட்டி, "ஏட்டி, கண்ணு முழி. அங்க எல்லாரும் காத்துக் கெடக்காக" என்பார். மூத்த மகள் பெங்களூரிலிருந்து விலை உயர்ந்த வேறொரு கம்பெனி லேப்டாப்பை வாங்கி வந்து கொடுத்தாள். மதினி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூத்துவாலையால் மூடி, பேத்தியோடு வீடியோவில் பேசுவதற்கு மட்டும் திறந்தார். ஏம்மா இதில் பாட்டுச் செய்யவில்லை என்று மகள் கேட்டதற்கு, "அது விருந்தாளி மாதிரிடி. அதைப் போட்டு வேலை வாங்க மனசு வரல" என்று சொல்லிவிட்டார்.

இசை செய்கிற சாப்ட்வேரோடு அவருக்கு நடந்த சண்டை இன்னும் பெரியது. ஆரம்பத்தில் கட்டையை அழுத்திச் செத்த நேரம் கழித்துத்தான் சத்தம் வரும். "நான் கும்பிட்டு முடிச்ச பொறவு சாமி எந்திரிச்சு வருது தம்பி" என்று போனில் புகார் செய்தார். நான் போய் அமைப்பை மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் மறுபடி போன். இப்போது உடனே வருகிறது, ஆனால் கடுகு தாளிக்கிற சத்தத்தோடு வருகிறது என்றார். அதையும் சரி செய்தோம். பிறகு ஒரு புதிய பதிப்பு வந்து, பொத்தான்களையெல்லாம் இடம் மாற்றி வைத்தது. தன் அடுக்களைச் சாமான்களைத் தன்னைக் கேட்காமல் வேறு அலமாரிக்கு மாற்றியவர்கள் மேல் வருகிற கோபம் அவருக்கு வந்தது. ஒரு வாரம் அதைத் திறக்கவில்லை. வேறு சாப்ட்வேர் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் தம்பி. சண்டை போட்டுச் சண்டை போட்டுத்தான் இதை எனக்குத் தெரியும். புதுசுன்னா மறுபடி மொதல்ல இருந்து சண்டை போடணும்ல."

அந்தச் சண்டைகளின் பலனாக அவர் கட்டிய 'டிராக்'குகள் எங்கள் பக்கத்தில் பெயர் வாங்கின. டிராக் என்பது பின்னணி இசையை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் செய்து வைத்துக்கொள்வது. மேடையில் அதை ஓடவிட்டு மேலே பாடலாம். வயலின் கூட்டம், புல்லாங்குழல், கிட்டார் எல்லாம் அவருடைய சின்ன அறையிலிருந்து வந்தன. இதனால் ஒரு விளைவும் உண்டானது. குழுவில் கிட்டார் வாசித்தவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது அண்ணாச்சி வேறு ஆள் தேடவில்லை. புல்லாங்குழல்காரர் நின்றபோதும் தேடவில்லை. கடைசியில் வாத்தியக்காரர்கள் என்று மிஞ்சியது மதினியும், டிரம்ஸ் வாசித்த துரைப்பாண்டியும்தான்.

துரைப்பாண்டி தென்காசி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். பகலெல்லாம் டயரோடு மல்லுக்கட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு மேடைக்கு வந்தால் வேறு ஆளாகிவிடுவார். சாமுவேல் அண்ணாச்சியும் கெட்டவர் இல்லை. டிரம்ஸ் செட்டை ஏற்றுவதற்காகவே பெரிய வேன் பிடிக்க வேண்டியிருந்தது. மற்ற குழுக்களெல்லாம் ஒரு காரில் வந்து இறங்கிப் பாடிவிட்டுப் போகத் தொடங்கியிருந்தன. ஆகவே ஒரு நாள் அவர் மதினியிடம், டிராக்கிலேயே டிரம்ஸையும் சேர்த்துவிடச் சொன்னார்.

மதினி உடனே, "இந்தக் கம்ப்யூட்டர்ல டிரம்ஸ் வராது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிட்டார். வயலின் வருகிறது, நாகஸ்வரம் வருகிறது, டிரம்ஸ் மட்டும் வராத மிஷினையா அந்த அம்மாவுக்கு விற்றாய் என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்தது. அது செய்யாத வேலையே கிடையாது, இப்போதே வந்து காட்டுகிறேன் என்று கடையைப் பூட்டிக்கொண்டு அவரோடு ராஜபாளையம் போனேன்.

வீட்டில் அண்ணாச்சியை உட்காரவைத்துவிட்டு, காப்பி எடுத்துத் தர வேண்டும் என்று மதினி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். அங்கே தம்ளரைக் கழுவியபடியே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தம்பி, வரும்னு எனக்குத் தெரியாதா? நீங்க இன்னைக்கு ஒரு நாளு வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

"கம்பெனி பேரு கெட்டுப் போகுமே மதினி."

"கம்பெனி பெருசு. அது தாங்கும். துரைப்பாண்டி தாங்க மாட்டான். அவனுக்கு அந்த மேடையில உக்கார்ற நேரந்தான் நேரம்."

காப்பித் தம்ளர்களோடு நான் வெளியே வந்தேன். அண்ணாச்சி எதிர்பார்ப்போடு பார்த்தார். லேப்டாப்பைத் திறந்து, இங்கும் அங்கும் தட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, "இந்த மாடல்ல அது கொஞ்சம் கஷ்டந்தான் அண்ணாச்சி" என்றேன். என் தொழிலில் அவ்வளவு சிரமப்பட்டு நான் எந்தப் பொய்யும் சொன்னதில்லை. மதினி அண்ணாச்சிக்குப் பின்னால் நின்று முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அண்ணாச்சி அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் கடைக்கு வருகிறவர்கள், "இது டிரம்ஸ் வராத கம்பெனிதானே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பாட்டுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத பத்திர எழுத்தர்கள்கூடக் கேட்டார்கள். நான் மதினியிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அதன்பின் தன்னிடம் டிராக் கேட்டு வருகிற ஒவ்வொருவரையும், லேப்டாப் வாங்குவதென்றால் என் கடைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எந்தக் கம்பெனி வாங்குவது என்று அவர்கள் கேட்டால், "நம்ம கம்பெனிதான்" என்பாராம். டிரம்ஸ் வராதாமே என்றால், "உங்களுக்கு எதுக்கு டிரம்ஸ்?" என்று கேட்பாராம்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பூக்குழித் திருவிழாவில் நம்ம கம்பெனி தன் குணத்தை ஊரறியக் காட்டியது. நான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டின் நடுவில் வயலின்களும் குழலும் ஒரே வெட்டாக நின்றன. லேப்டாப் யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போய்விட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பாடிய பெண் திகைத்துத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் துரைப்பாண்டி நிறுத்தவில்லை. தாளம் போய்க்கொண்டே இருந்தது. மதினி அவரைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார், இரண்டு கைகளையும் கீபோர்டில் வைத்தார், அடுத்த வரியில் பாட்டைப் பிடித்துக்கொண்டார். அன்று மீதிக் கச்சேரி முழுவதும் அவர்கள் இருவருமாகவே நடத்தினார்கள். மதினி அத்தனை சந்தோஷமாக வாசித்து நான் கேட்டதில்லை. கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பாட்டு என்ன என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

பந்தியில் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். "உன் கம்பெனி டிரம்ஸும் வாசிக்காது, நடுவுல படுத்துத் தூங்கவும் செய்யும்" என்று திட்டினார். திட்டிவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, துரைப்பாண்டி இலைக்கு இன்னொரு வடை வைக்கச் சொன்னார். டிராக்கில் டிரம்ஸ் சேர்க்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

சில வருடங்களுக்கு முன் நான் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு, எல்லாக் கம்பெனி லேப்டாப்பும் பழுது பார்க்கிறவனாக மாறினேன். மதினியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. "நீங்க மாறிக்கோங்க தம்பி, உங்களுக்கு ஏவாரம். எனக்கு என்ன ஏவாரமா?" என்றார். கடைசிவரை அவர் மாறவில்லை. போன மாதம் ஆண்டாள் கோயிலுக்கு வந்தவர் கடையில் ஏறி, நம்ம கம்பெனிக்கு ஒரு புது பேட்டரி வாங்கிக்கொண்டு போனார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் பால்கோவா வாங்கி எனக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியை அங்கேயே நின்று ரசித்துச் சாப்பிட்டார். அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றார். நானும் இதுவரை சொல்லவில்லை.

தகனம் முடிந்து எல்லோரும் குளித்துக் கிளம்பிய பிறகு, துரைப்பாண்டி என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார்.

"அண்ணே, அந்தக் கம்ப்யூட்டர்ல டிரம்ஸ் வரும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்பதையும் அவரே சொன்னார். ஒரு மத்தியானம் அண்ணனுடைய வண்டிக்குப் பஞ்சர் ஒட்ட வீட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளே டிரம்ஸ் சத்தம் கேட்டிருக்கிறது. தன் இடத்துக்கு வேறு ஆளைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, மனது கேட்காமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே மதினி மட்டும் இருந்திருக்கிறார். கம்ப்யூட்டரில் டிரம்ஸை ஓடவிட்டு, அதோடு கீபோர்டு வாசித்துப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் வாசிக்கிற மாதிரியே அதுல போட்டு வச்சிருந்தாக அண்ணே. சரணம் முடியுற எடத்துல நான் தாளத்தை விட்டுக் கொஞ்சம் வேகமா ஓடிருவேன். அதுவும் அந்த எடத்துல ஓடுச்சு. என்னோட ஓட்டத்துக்கு அவிய ஈடு குடுத்துப் பழகிக்கிட்டு இருந்தாக."

இவ்வளவு வருடமும் அதை ஏன் அவரிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா, அவிய பொய் சொன்னது எனக்குத் தெரியும்னு அவியளுக்குத் தெரிஞ்சுபோகும்ல. சங்கடப்படுவாக."

அடுத்த வாரம் ஆலங்குளம் பக்கம் ஒரு கோயிலில் குழுவினர் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தார்கள். ரத்து செய்துவிடலாமா என்று அண்ணாச்சி தயங்கியபோது, நடத்தச் சொன்னவர் அண்ணன். நானும் போயிருந்தேன். மதினி கட்டி வைத்த டிராக்குகளை ஓடவிட்டார்கள். துரைப்பாண்டி வாசித்தார். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. நாற்காலிகளில் பாதி காலியாகவே இருந்தன. மேடைக்குக் கீழே புழுதியில், மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண்பிள்ளை தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் அம்மா இரண்டு தடவை வந்து கையைப் பிடித்து இழுத்தும் போகவில்லை.

மதினி, பாட்டு முடிகிறவரைக்கும் அந்தப் பிள்ளை ஆட்டத்தை நிறுத்தவே இல்லை. நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.