பத்தடி தப்பாத புள்ளி

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். கனகசெட்டிக்குளத்தில் மீன் எடுத்து ரெட்டியார்பாளையத்தில் தெருத்தெருவாக விற்கிறேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். எங்களுக்கு ஒரே பெண். இது நடந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

பன்னிரண்டாவது முடித்துவிட்டு, ரெட்டியார்பாளையத்துக்குப் பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் மருந்து பாட்டில் அடைக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். நீலக் கோட்டு போட்டுக்கொண்டு போவாள். கையில் செதில் ஒட்டாமல் எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி வேலைக்குப் போனது அதுதான் முதல் தடவை. எனக்கு அது போதும்.

என் நாத்தனாருக்குப் போதவில்லை. வீட்டுக்காரரின் அக்கா அவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே டெம்போவில்தான் மீன் ஏற்றிப் போவோம். தன் மகனுக்கு என் பெண்ணைக் கட்ட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. மகள் மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து டெம்போவில் பேச்சு மாறிவிட்டது.

"கம்பெனி வேன் ஆறு மணிக்கே ரோட்டுல வந்து நிக்குது. உம் பொண்ணு ஏழரைக்கு பஸ்ஸ உட்டு எறங்குறா. நடுவுல எங்க புள்ள போறா?"

"ஓவர் டைம் அண்ணி."

"ஓவர் டைமா? அது எந்தக் கம்பெனியில?"

டெம்போவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கூடையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பேச்சு வீட்டுக்காரர் காதுக்கும் போனது. அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அதுதான் முடிவு. "பேரு கெடறதுக்குள்ள வேலைய நிறுத்து. அக்கா பையனுக்கே குடுத்துடலாம்" என்றார்.

வேலை நின்றால் கல்யாணம். கல்யாணம் ஆனால் என்னைப் போல அவள் தலையிலும் மீன் சுமக்கிற அன்னக்கூடை. அவர்கள் வாயை மூட எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. மகள்மேல் சந்தேகம் வந்து இதைச் செய்யவில்லை. இதை அவளிடம் பல தடவை சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

விழுப்புரம் ரோட்டில் நான் மீன் கொடுக்கும் செல்போன் கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஆளு எங்க இருக்குன்னு போன்லயே பாக்கலாமாமே தம்பி?"

"பாக்கலாம் யக்கா. ஆப் போடணும். நெறைய இருக்கு."

"எது சரியா காட்டும்?"

"எல்லாமே காட்டும்."

"நானுந்தான் எல்லா மீனும் புது மீனுன்னு சொல்றேன். எது சரியா காட்டும்?"

அவர் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் மீன் எடுத்தது இல்லை. இதையும் பார்த்துத்தான் எடுப்பேன் என்றேன். என் போனில் ஆப்பைப் போட்டு, அவர் போனில் நான் இருக்கும் இடம் தெரிகிற மாதிரி வைத்தார். நான் வழக்கம்போல் விற்கப் போவேன். எந்த நேரத்துக்கு எந்தத் தெரு என்று மனதில் வைத்துக்கொண்டு, திரும்பும்போது கடையில் சரிபார்ப்பேன்.

முதல் ஆப் இலவசம். ஒன்பதரை மணிக்கு நான் மூன்றாவது குறுக்குத் தெருவில் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தேன். அது என்னை ஊசுட்டேரி நடுவில் காட்டியது.

"ஏரியில என்னா பண்ணீங்க யக்கா?"

"கெளுத்தி புடிச்சேன். வேற போடு."

டவரை வைத்துக் குத்துமதிப்பாகக் காட்டுவது அது என்றார். இரண்டாவது ஆப்பில் இடம் சரி, நேரம் சரியில்லை. நான் அடுத்த தெருவுக்குப் போய் அரை மணி ஆன பிறகும் அது என்னைப் பழைய தெருவிலேயே உட்கார வைத்திருந்தது. நடுநடுவே விளம்பரம் வேறு. பழைய மீனை வாங்கினாலும் வாங்குவேன், பழைய சேதியை வாங்கமாட்டேன் என்றேன்.

மூன்றாவது, மாதம் கட்டணம் கட்டுகிற ஆப். நான் கூடையை இறக்கி வைத்த குழாயடியைக் காட்டியது. அங்கிருந்து எதிர் வீட்டுக்குப் போய் வந்ததைக் காட்டியது. எங்கள் ஊர்க் கரையில் சிக்னல் நிற்காது. சிக்னல் இல்லாத நேரத்தில் நடந்த வழியையும் பிறகு வாங்கி வைத்துக் காட்டியது. ஐந்து நாள் பார்த்தேன். ஒரு நாள்கூடப் பொய் சொல்லவில்லை.

"பத்தடி தப்பாது யக்கா. ஆனா பாப்பா போன்ல சம்மதமான்னு கேக்கும். அதுதான் அழுத்தணும். சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குக் குளிக்கப் போனபோது போனை எடுத்தேன். பூட்டைத் திறக்கும் நம்பர் எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள். கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி ஆப்பைப் போட்டேன். 'நீங்கள் இருக்கும் இடத்தை இவருக்குக் காட்டச் சம்மதமா' என்று தமிழில்தான் கேட்டது. படித்தேன். அழுத்தினேன்.

அதன்பிறகு அவள் எனக்கு ஒரு நீலப் புள்ளி. காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போகும். சாயங்காலம் ஆறரைக்கு வெளியே வரும். பஸ் ரோட்டில் வரும். ஓவர் டைம் என்று அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. மறுநாள் டெம்போவில் போனை நாத்தனார் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இந்தா பாருங்க அண்ணி. நேத்து ஆறரை வரைக்கும் கம்பெனியிலதான் இருந்திருக்கா. கோடு போட்டு வச்சிருக்கு."

முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. தினமும் காட்டினேன். போகப்போக அவரே கேட்க ஆரம்பித்தார். "எங்க, எடு. உம் பொண்ணு எங்க இருக்கான்னு பாப்போம்." இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கக்கூடப் பழகிக்கொண்டார். பழக்கிவிட்டது நான்தான்.

ஒரு மாதம் அப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டே கால் இருக்கும். குழாயடியில் கூடையை இறக்கிவிட்டு இரண்டு பேரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். நாத்தனார் என் போனை எடுத்துப் பார்த்தார்.

"ஏ புள்ள. இது இன்னா ரெட்டியார்பாளையத்துல காட்டுது?"

வாங்கிப் பார்த்தேன். புள்ளி கம்பெனியில் இல்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து மூன்று தெரு தள்ளி, ஒரு வீட்டின்மேல் நின்றிருந்தது.

"தப்பா காட்டும் அண்ணி, சில நேரம்."

"பத்தடி தப்பாதுன்னு நீதானே சொன்ன? ஒரு மாசமா சரியா காட்னது இன்னைக்கு மட்டும் தப்பா காட்டுதா?"

அவர் கூடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். தடுத்திருக்கலாம். கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எதுவும் செய்யாமல் புள்ளியைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் போனேன். எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

பச்சைக் கதவு போட்ட சின்ன வாடகை வீடு. நாத்தனார் கதவைத் தட்டவில்லை, அடித்தார்.

"வெளிய வாடி! எவன் ஊட்டுலடி பட்டப்பகல்ல படுத்துக் கெடக்குற?"

தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. கதவு திறந்தது. நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் நின்றாள். என் மகள் இல்லை. தோளில் ஆறு மாதக் குழந்தை. கோட்டின் மேல் இரண்டு பித்தான்கள் போடாமல் இருந்தன. பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்திருக்கிறாள். அவள் பின்னால் பாய்மேல் என் மகளின் போன் கிடந்தது.

"இது எம் பொண்ணு போனாச்சே" என்றேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அக்காவோட அம்மாவா? அக்கா வேலையிலதான் இருக்காங்க. எம் போனு ஒடஞ்சி போச்சும்மா. அதான் குடுத்தாங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். கம்பெனியில் வேலைக்குப் போகும்போது போனை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டு நம்பர் போட்ட ஒரு வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும்; அதைக் கொடுத்தால்தான் போன் திரும்பக் கிடைக்கும். நாள் முழுக்க அது அங்கே சும்மாதான் கிடக்கும். குழந்தைக்குப் பால் கொடுக்க இவள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி வருவாள். மேலே தெரியாது. லைனில் உள்ள பெண்களுக்குள் ஏற்பாடு. வண்டியில் சரக்கு ஏற்ற அவசரமாக ஆள் கூப்பிட்டால் ஒருத்தி வாசலுக்கு வந்து தன் போனில் இவளைக் கூப்பிடுவாள். அதற்கு இவளிடம் ஒரு போன் வேண்டும். அதனால் என் மகள் தன் வில்லையை இவளிடம் கொடுத்திருக்கிறாள். இவள் போன் உடைந்தது முந்தின நாள் சாயங்காலம்தான்.

குழந்தை அழ ஆரம்பித்தது. "அண்ணி, வாங்க போலாம்" என்றேன். அவர் தெருவைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தார்.

எதிர் வீட்டில் இருந்தவர் அதே கம்பெனியின் சூப்பர்வைசருக்குச் சொந்தம். அடுத்த நாளே அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அனுமதி இல்லாமல் வெளியே போனதற்காக. வில்லையைக் கொடுத்ததற்காக என் மகளுக்கு எழுத்தில் எச்சரிக்கை.

அன்று சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றினாள். என்னைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

"உங்க அத்த வாய மூடறதுக்குத்தான் பாத்தேன்."

"மூடுச்சா?"

நான் குனிந்து அவள் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அவளுக்குப் புருஷன் இல்லம்மா. கொழந்தைய வச்சிக்கிட்டு இனிமே எங்க போவா?"

அடுத்த வாரம் நான் அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. காலி பண்ணிவிட்டாள் என்றார்கள்.

மகள் பேரில் தப்பு இல்லை என்று தெருவே பார்த்தது. அதோடு பேச்சு அடங்கும் என்று நினைத்தேன். நாத்தனார் டெம்போவில் எல்லோரும் இருக்கும்போது எடுத்தார்.

"அன்னைக்கு அந்த ஊட்டுல இருந்தது போனுதான். பொண்ணு இல்ல. நான் ஒத்துக்குறேன். அப்போ இத்தன நாளு கம்பெனியில இருந்ததும் போனுதானே? பொண்ணு எங்க இருந்தாளோ, யார் கண்டா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. யோசித்தார்கள். அதுதான் எனக்கு அடி. ஒரு மாதம் நான் காட்டிய கோடு எல்லாம் அந்த ஒரு பேச்சில் போய்விட்டது.

பத்து நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். "பேரு கெட்ட பொண்ண வெளிய யாரும் கட்டமாட்டான். எம் பையன் பெரிய மனசு பண்ணிக் கட்டிக்கிறேங்கறான்" என்றார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முடியாது என்றேன். நாத்தனார் மறுபடியும் சொன்னார். நானும் மறுபடியும் முடியாது என்றேன். வீட்டுக்காரர் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. வேலையை நிறுத்தும் பேச்சை மட்டும் அவர் திரும்ப எடுக்கவில்லை. நான் டெம்போவை விட்டுவிட்டு இப்போது பஸ்ஸில்தான் கூடையோடு போகிறேன். நடத்துனர் முகம் சுளிக்கிறார்.

இது எதையும் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் கணக்குத் தீர்ந்துவிடுமா.

அவள் இன்றும் வேலைக்குப் போகிறாள். போனை மட்டும் எடுத்துப் போவதில்லை. அந்த வாரத்திலிருந்து அப்படித்தான். கிளம்பும்போது டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். ஆப்பை எடுத்துவிட்டேன், எடுத்துப் போ என்று கெஞ்சினேன்.

"இருக்கட்டும்" என்றாள்.

"அவசரம்னா எப்படி கூப்புடுவேன்?"

"கூப்புடாத."

போன மழைக்கு ஒரு நாள் பஸ் ஓடவில்லை. ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஏழரை ஆனது, எட்டு ஆனது. கம்பெனி நம்பரை யாரும் எடுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மழைக்கோட்டுப் போட்டு யாரோ ஓட்டி வந்தார்கள். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. மகள் இறங்கினாள். ஸ்கூட்டர் திரும்பிப் போய்விட்டது.

அது யார் என்று நான் கேட்கவில்லை. அவள் ஒரு நிமிஷம் நின்றாள். நான் கேட்பேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பையை வாங்கக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. குடைக்குள்ளும் வரவில்லை. தண்ணீரில் கால் வைத்து நடந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.