எழுவைதீவில் கரையாத ஐஸ்

காலை 6.40. யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறை பஸ் ஏறினேன். கட்டணம் நூற்றைம்பது ரூபாய். பயணத்தின் நோக்கத்தைக் கேட்ட நடத்துநர், "தீவுப் பக்கம் சனம் கோயில் பார்க்கத்தான் வாறது. நீர் கூரை பார்க்கப் போறீரோ?" என்று சிரித்தார். எனக்கும் அரை நம்பிக்கைதான். கூரைக்கு வெள்ளை அடித்தால் வீடு குளிரும், நகரம் குளிரும், உலகமே குளிரும் என்று எங்கும் பேச்சு. கண்ணால் காணாமல் எதையும் நம்பாத பிறவி நான்.

காலை 9.00. எழுவைதீவுப் படகு புறப்பட்டது. முக்கால் மணி நேரத்தில் கரையில் ஒரு வெள்ளைத் துண்டு மின்னியது. "அதுதான் இராசமலர் அக்காவின்ர கொட்டில். இப்ப நாங்கள் அதைப் பார்த்துத்தான் படகைத் திருப்புறனாங்கள்," என்றார் படகோட்டி.

இராசமலருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒன்பது வள்ளங்களின் மீனை வாங்கி, றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிகளில் ஐஸ் போட்டு, மூன்று மணிப் படகில் ஊர்காவற்றுறையில் நிற்கும் லொறிக்கு அனுப்புகிறார். வெறும் தகரக் கூரையின் கீழ் அந்த ஐஸ் மத்தியானத்துக்கு முன்னரே தண்ணீராகிவிடும். சென்ற மாதம் மீன் இளகிப் போனதும் லொறி வியாபாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படி வந்தால் எழுவைதீவு மீனே வேண்டாம். அதன் பிறகுதான் கூரைக்கு வெள்ளை அடித்தார்; ஆனால் வந்தது ஒரே முகில். வெள்ளைக் கூரைக்கு இன்றுதான் முதல் முழு வெயில்.

"நீங்களாகவே அடிச்சனீங்களோ?"

"ஓம் அண்ணை. ஆனால் முதல் உள்பக்கம் அடிச்சனாங்கள். வெளியில அடிச்சால் காகம் பழுதாக்கிப்போடும் எண்டு பயம்."

விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். இப்போது கூரைக்கு மேலே இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு. சனிக்கிழமைதோறும் ஏணி வைத்து ஏறிக் காக எச்சத்தைக் கழுவுகிறார். அழுக்கேறினால் வெள்ளையால் பயனில்லை என்பதைத் தானே ஊகித்திருக்கிறார்.

மத்தியானம் 12.30. பக்கத்துக் கொட்டிலின் தகரத்தில் கை வைத்தேன். சுட்டது, உடனே எடுத்துவிட்டேன். வெள்ளைத் தகரத்தில் ஆறுதலாகக் கையை வைத்திருக்க முடிந்தது. வாத்தியார் புத்தி என்னை விடவில்லை. வெயிலில் பெரும்பகுதியை வெள்ளை வானத்துக்கே திருப்பிவிடுகிறது, கூரைகள் நெருங்கிய நகரங்களுக்கு இது நல்ல உதவி, ஆனால் உலகச் சூட்டில் இதனால் கொஞ்சம்தான் குறையும், எரிபொருள் புகையைக் குறைக்காமல் தப்ப ஏலாது என்று விளக்கினேன்.

"உலகத்தை நீங்கள் பாருங்கோ அண்ணை. எனக்கு லொறி வரைக்கும் ஐஸ் கரையாமல் நிண்டால் காணும்."

பிற்பகல் 3.00. அவரும் நானும் பெட்டிகளோடு படகேறினோம். வழி முழுவதும் அவர் பெட்டி மூடிகளை அமத்திப் பிடித்திருந்தார்.

3.50, ஊர்காவற்றுறை இறங்குதுறை. வியாபாரி ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, வெடுக்கென்று எடுத்தார். "விறைக்குது," என்றார். ஒரு பாரை மீனின் செவுளை விரித்தார், நல்ல சிவப்பு. மற்றப் பெட்டிகளைத் திறக்கவேயில்லை.

"நாளைக்கும் அனுப்பும். நண்டு பட்டால் அதையும் போடும்."

நான் தோற்றுப்போனேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கறுத்த மொட்டைமாடி, உள்ளே இரவும் பகலும் மின்விசிறி. இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

இராசமலர் அதற்குள் கைபேசியில் தீவை அழைத்துவிட்டார். குரல் இறங்குதுறை முழுவதும் கேட்டது.

"ஒன்பது வள்ளமும் நாளைக்குக் கடலுக்குப் போகட்டும். ஐஸ் மிச்சம்."