நாடி பார்த்த கை

செங்கல்பட்டில் பதினேழு வருடம் கிளினிக் நடத்தியவனுக்குக் கை குலுக்கத் தெரியாது. யார் கையை நீட்டினாலும் என் இரண்டு விரல்கள் தாமாகவே மணிக்கட்டுக்குப் போய்விடும். தொண்ணூறுகளில் கட்சி எனக்குச் சீட் கொடுத்தபோது இந்தப் பழக்கமே பிரசாரம் ஆகிவிட்டது. "டாக்டரு ஓட்டும் கேக்குறாரு, நாடியும் பாக்குறாரு" என்று ஜனம் சிரித்தது. எனக்கும் அசட்டுப் பெருமை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். மத்தியான வெயில். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் வந்து கையை நீட்டினார். கை சில்லென்று வியர்த்திருந்தது. நாடி மூன்று முறை துடித்து நின்றது. காத்திருந்தேன். மறுபடி மூன்று. மறுபடி அதே இடைவெளி. இவரை இன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"டைம் ஆவுது டாக்டர், இன்னும் நாலு ஊரு கீது" என்று ஒன்றியச் செயலாளர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"மறக்காம ஓட்டுப் போடுங்க" என்று மீனவரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். சாயங்காலம் ஆளனுப்பலாம் என்று நினைத்தேன். அனுப்பவில்லை.

ஜெயித்தேன். நன்றி சொல்ல அதே குப்பத்துக்குப் போன அன்று ஆரத்தித் தட்டுகளுக்குப் பின்னால், தள்ளி, அந்த மீனவரின் மனைவி நின்றிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. நானே போய்க் கேட்டேன்.

"நெஞ்ச அடைக்குதுன்னுகினே இருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வான்னேன். டாக்டரே கைய புட்ச்சி பாத்துட்டாரு, எதுனா இருந்தா சொல்லியிருக்க மாட்டாரான்னாரு. ஓட்டுப் போட்டு வந்து பட்த்தவரு எய்ந்துக்கவேயில்ல."

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. யார் கையைத் தொட்டாலும் மூன்று துடிப்பு, பிறகு ஒன்றுமில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் மாலை போட்ட லாரி ஓனர், சட்டசபை வராந்தாவில் கை கொடுத்த மந்திரி, எல்லோருக்கும் அதே நாடி. ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒழுங்காக இருக்கும். விரல் வைத்தால் அந்த மீனவர் வந்துவிடுவார். என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். அங்கேயும் அவர்தான். யாரிடமும் சொல்லவில்லை. பேய் பிடித்த டாக்டருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

அடுத்த தேர்தலில் அதே குப்பத்துக்குப் போனோம். மேளம் இல்லை, கோஷம் இல்லை. தெருவின் இருபுறமும் நின்றவர்கள் உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆள் அந்த அம்மா.

"பாருங்க டாக்டரு. இந்த வாட்டி எதுனா இருந்தா சொல்லிடுங்க."

விரலை வைத்தேன். மூன்று துடிப்பு. பிறகு அந்த இடைவெளி. இது இவருடையதா, இவர் புருஷனுடையதா? செயலாளர் என் கையை இழுத்தார். உதறிவிட்டு, அந்த அம்மாவை ஜீப்பில் ஏற்றிச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இ.சி.ஜி. காகிதத்தில் ஒரு துடிப்பும் தவறவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"மெய்யாலுமா?" என் விரல்களையே பார்த்துக்கொண்டு கேட்டார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே கிளினிக்கை மூடினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல். யார் கையையும் தொட்டதில்லை. எட்ட நின்று கும்பிட்டே ஓட்டுக் கேட்டேன். பதவி வந்தும் பணிவு போகாத மனுஷர் என்றார்கள்.