கோணலாக வைத்த சீட்டு

அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோ நேராக இருந்தால் எல்லாம் சுபம். கோணலாக இருந்தால் ஏதோ ஒரு வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். குழாய் ஒழுகலாம், மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுத வேண்டியிருக்கலாம். இந்தச் சட்டத்தைப் போட்டவள் வீட்டுக்காரி. போட்ட நாள் முதலாய் மீறி வருகிறவர் வீட்டுக்காரர்.

அவளைக் குறை சொல்ல முடியாது, பிழைப்பே கோணலில்தான் ஓடுகிறது. அவள் விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்கிறவள். சின்ன நிலையம், ரேடார் கிடையாது. எங்கே வருகிறேன், எத்தனை அடி உயரத்தில் வருகிறேன் என்று விமானிகள் ரேடியோவில் சொல்வார்கள். அவள் விமானத்துக்கு ஒரு சீட்டு எழுதிப் பலகையில் அடுக்குவாள். இரண்டு விமானங்களின் பாதை குறுக்கிடும் என்று தெரிந்தால் அந்த இரண்டு சீட்டையும் கோணலாக இழுத்து விடுவாள். ஒன்றை ஒன்று தாண்டிவிட்டது என்று உறுதியான பிறகுதான் நேராக்குவாள். சீட்டு நேராக இருந்தால் வழி காலி. பத்து வேலைக்கு நடுவே மூளையை நம்ப முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

புருஷனோ நிலம் அளக்கிறவர். கோணலான போட்டோவைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும்.

அன்று காலை சமையல் பாதி வெந்த நிலையில் கேஸ் தீர்ந்து போனது.

"போட்டோவைத் தொட்டீங்களா?"

"கோணலா இருந்துச்சு, நிமிர்த்தி வெச்சேன். அது ஒரு குத்தமா?"

"கேஸ் சொல்லணும்னு நேத்து நான்தான் சாய்ச்சு வெச்சேன்! இப்ப இந்த அரைவேக்காட்டைத் தின்னுங்க."

"ஏம்மா, இது வீடா, ஏர்போர்ட்டா?"

நாக்கு நுனி வரை வந்த பதிலைச் சொல்வதற்குள் வாசலில் ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்தது. "இருங்க, சாயங்காலம் வந்து வெச்சுக்கறேன்" என்று படியிறங்கினாள். வெளியே போகும்போது வீட்டு விவகாரம் எதுவும் பாக்கி இருந்தால் இடது கைக் கடிகாரத்தை வலது கைக்கு மாற்றிக்கொள்வது அவள் வழக்கம். அன்று சண்டையை மறந்துவிடக் கூடாது என்று வண்டியிலேயே மாற்றிக் கட்டிக்கொண்டாள்.

கோபுரத்தில் அன்றைக்கு ஆய்வுக் குழு வரும் நாள். நிலைய மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் இஸ்திரி. சட்டையில் ஒரு மடிப்பு கலைந்தால் மனிதர் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். விடிந்ததிலிருந்து நாற்காலிகளை நூல் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்கு நூற்று நாற்பது பயணிகளோடு ஒரு பெரிய விமானம் இறங்க வந்தது. அதே சமயம் தபால் ஏற்றிய சின்ன விமானம் ஒன்று கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாதை குறுக்கிடும். பெரியதை ஒன்பதாயிரம் அடிக்குக் கீழே வராதே என்றும், சின்னதை எட்டாயிரத்துக்கு மேலே ஏறாதே என்றும் நிறுத்தி, இரண்டு சீட்டையும் கோணலாக இழுத்துவிட்டாள். பின்னால் போன் அடித்தது. வானிலை அலுவலகம். திரும்பி நின்று காற்றின் வேகத்தை எழுதிக்கொண்டாள்.

படியில் ஆய்வுக் குழுவின் காலடிச் சத்தம் கேட்டது. இஸ்திரி கடைசியாக ஒரு சுற்றுப் பார்வை விட்டார். பலகை அவர் கண்ணில் பட்டது. உள்ளங்கையால் ஒரே தடவு. எல்லாச் சீட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன.

அவள் திரும்பியதும் ஓடுபாதையைக் கடக்க ஒரு வண்டி அனுமதி கேட்டது. அதை அனுப்புவதற்குள் இன்னொரு விமானி கிளம்பட்டுமா என்றார். அதற்கும் பதில் சொல்லி முடித்தபோது தபால் விமானி கூப்பிட்டார்.

"எட்டாயிரத்துல இருக்கேன். மேகம் போட்டுக் குலுக்குது. மேல ஏறட்டுமா?"

பலகையைப் பார்த்தாள். சீட்டு நேர். வழி காலி. "ஏறுங்க" என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே, சீட்டில் நேரம் குறிக்க இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

கடிகாரம் வலது கையில். அப்படியானால் ஏதோ பாக்கி இருக்கிறது. என்ன அது? சத்தியமாக அந்த நொடியில் புருஷன் ஞாபகமே வரவில்லை. பெரிய விமானம்தான் ஞாபகம் வந்தது. அது தாண்டிவிட்டதாக யாரும் சொல்லவில்லையே!

"ஏறாதீங்க. எட்டாயிரத்துலயே இருங்க."

"ஏறல. எட்டாயிரத்துலயே இருக்கேன்" என்றார் விமானி. கொஞ்ச நேரத்தில் அவரே மறுபடி பேசினார். "அடேயப்பா, மேகம் விலகுச்சு, தலைக்கு நேர் மேல ஒரு பெரிய விமானம் போகுது."

இரண்டு விமானமும் ஒன்றை ஒன்று தாண்டியதை உறுதி செய்த பிறகு, அவள் அந்த இரண்டு சீட்டையும் கோணலாக இழுத்து, மறுபடி நேராக்கினாள். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? பிறகு திரும்பினாள். ஆய்வுக் குழு உள்ளே வந்து நின்றிருந்தது.

"சீட்டைத் தொட்டது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா" என்றார் இஸ்திரி பெருமையாக. "பார்க்கவே கண்றாவியா இருந்துச்சு."

நடந்ததை அவள் சொன்னாள். குழுத் தலைவர் கைக்குக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரியின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் பதிவேட்டில் ஒன்று விடாமல் எழுதி நீட்டினாள், அவரும் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் கீழே இறங்கும்போது, அவர் அறைக் கதவில் இருந்த பெயர்ப்பலகையை லேசாகச் சாய்த்துவிட்டுத்தான் போனாள்.

வீட்டில் கேஸ் வந்திருந்தது, சமையலும் ஆகியிருந்தது. போட்டோ மட்டும் கோணலாகத் தொங்கியது.

"இது எதுக்கு?"

"நான்தான் சாய்ச்சேன்" என்றார் புருஷன். "காலைல சண்டை பாதியில நின்னுடுச்சுல்ல. ம், ஆரம்பி. திட்டு, வாங்கிக்கறேன்."

அவளுக்குத் திட்ட வரவில்லை, அழுகைதான் வந்தது. "நூத்தி நாப்பது பேருங்க..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். அதுவரை வராத பயம் அப்போதுதான் வந்தது. கடிகார வாரைக் கழற்றப் போனால் கொக்கி பிடிபடவில்லை. அவரே கழற்றி இடது கையில் கட்டிவிட்டார்.

பிறகு அவர் கை பழக்கதோஷத்தில் போட்டோப் பக்கம் போய், பாதி வழியில் நின்றது.

"நேராக்கட்டுமா?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இப்ப ஆக்கலாம்" என்றாள்.