மயில்வாகனம் பெல்ட்டை மூடிய கதை

பெரிய காஞ்சிபுரத்தில் மயில்வாகனத்தின் மாவு மெஷினைத் தேடி வருகிறவர்கள் யாரும் அவன் பெயரைச் சொல்லி வழி கேட்டதில்லை. "குழலி அக்கா மிஷின் எங்க இருக்குது?" என்றுதான் கேட்பார்கள். மெஷினை வாங்கியவன் அவன், மோட்டாரைப் பொருத்தியவன் அவன், தேய்ந்த கல்லைக் கொத்துகிறவனும் அவனே. ஆனால் பெயர் பெண்டாட்டிக்கு. அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அவனுக்கு மூக்கு நுனியில் கோபம். மிளகாய் அரைத்த காரம் கல்லை விட்டுப் போவதற்குள் அரிசியைக் கொண்டுவந்து நீட்டுகிறவளிடம் அவன் வாயைத் திறந்தால், அவள் அடுத்த தடவை சின்ன காஞ்சிபுரத்து மெஷினுக்குப் போய்விடுவாள். ஏலவார்குழலி பேசினால் போனவளும் திரும்பி வருவாள்.

மயில்வாகனம் தறிக்கார வீட்டுப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் எல்லாம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட, இவன் மட்டும் நின்றுகொண்டு பிழைக்கிறேன் என்று அறுபத்தெட்டாம் வருஷம் மெஷின் வைத்தான். தறியை விட்டானே தவிர தறிக்காரன் கண்ணை விடவில்லை. ஓடுகிற எதுவும் அவன் கண்ணெதிரே ஓட வேண்டும். தறியில் நீட்டிய பாவு நூலின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டு எவனாவது நெய்வானா? ஓர் இழை அறுந்தால் அந்தக் கணமே தெரிய வேண்டாமா?

அதே நியாயத்தில்தான் பெல்ட்டையும் திறந்து விட்டிருந்தான். சுவரோரம் மோட்டார், நடுவில் மெஷின், இரண்டையும் இணைத்து இடுப்பு உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை பெல்ட்டு. அதன் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்த மூட்டு, சக்கரத்தைத் தொடும்போதெல்லாம் 'டப்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், கல்லைக் கவனித்துக்கொண்டிருக்கிறவன் சட்டென்று திரும்பிப் பெல்ட்டைப் பார்ப்பான்.

"தகரத்துல ஒரு மூடி போட்டு வெச்சா இன்னாங்க? பொம்பளைங்க வந்து போற எடம். பொடவ பறக்குது" என்று குழலி பல தடவை சொல்லிப் பார்த்தாள்.

"மூடிட்டா அது நைஞ்சிக்கினு வர்றது எனக்கு எப்டித் தெரியும்? சூடு ஏறும், மாவு போயி அடைஞ்சிக்கும். அது கூட கெடக்கட்டும். கண்ணுக்குத் தெரியற வரைக்கும்தான் ஜனங்க பயப்படும். மூடிப் பாரு, அது மேலயே டின்ன வெப்பாங்க, கொழந்தைய ஒக்கார வெப்பாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் சங்கடமே. முழுப் பொய்யாக இருந்திருந்தால் குழலி சண்டை போட்டு ஜெயித்திருப்பாள். பாதிக்கு மேல் நியாயமாக இருக்கிற பேச்சோடு யார் மல்லுக்கட்ட முடியும்? கடைசியில் பெல்ட்டுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டினான். கயிற்றைத் தாண்டி யாரும் வரக்கூடாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி வெள்ளி. அம்மனுக்குக் கூழ் ஊற்ற ஊரே கேழ்வரகைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்கு வந்து நின்றது. குழலி தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் காயாத கூந்தலை நுனியில் மட்டும் முடிந்துகொண்டு ஓடி வந்தாள். பின்னுவதற்கு எங்கே நேரம்? யாருடைய டின் மூடியோ கைதவறிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உருண்டது. அடுத்தவர் யாரும் உள்ளே போய்விடக் கூடாதே என்று அவளே குனிந்து போனாள். வாசல் வழியாக ஆடிக்காற்று ஒரு வீச்சு வீசியது.

மயில்வாகனம் ஒரு சத்தத்தைத்தான் முதலில் கேட்டான். மூட்டின் 'டப்' மாறியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது பெல்ட்டு அவள் கூந்தலை இழுத்துக்கொண்டிருந்தது. முசரவாக்கத்திலிருந்து வந்திருந்த மணியம்மாள், மூட்டை தூக்கிப் பழகிய கை, அவளை இடுப்போடு கட்டிப் பின்னால் சாய்ந்தாள். இவன் சுவிட்சை இறக்கினான். அது போதாது, மோட்டார் உடனே நிற்காது. மூங்கில் கழியைப் பெல்ட்டுக்கு இடையில் கொடுத்து நெம்பினான். பெல்ட்டு சக்கரத்தை விட்டுக் கழன்று விழுந்தது. அதன் மேல் மாவு இருந்தது, ரத்தம் இருந்தது, ஒரு முழத்துக்கு மேல் முடியும் இருந்தது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. காதுக்கு மேலே ஓரிடத்தில் தோலோடு போயிருந்தது. மருந்து வைக்க மிச்ச முடியையும் ஒட்ட வெட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குந்தியிருந்தபோது மயில்வாகனத்துக்கு ஒன்று புரிந்தது. திறந்து வைத்தால் பெல்ட்டுக்கு நல்லது, மூடி வைத்தால் மனுஷருக்கு நல்லது. இத்தனை வருஷமும் தான் பெல்ட்டுக்காகவே வக்காலத்து வாங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தகர வேலை செய்யும் முனுசாமியைக் கூட்டிவந்து, மோட்டாரிலிருந்து மெஷின் வரைக்கும் ஒரு விரல் போகச் சந்தில்லாமல் மூடி போட்டு, பச்சைப் பெயின்ட்டும் அடித்தான். பெண்கள் ஒரு வாரம் அதைப் பயந்து பார்த்தார்கள். மறு வாரம் அதன் மேல் டின்னை வைத்தார்கள். அதற்கடுத்து ஒருத்தி கைக்குழந்தையையே உட்கார வைத்தாள். அவன் சொன்னது அப்படியே பலித்தது. பலித்ததில் அவனுக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி அவள் கையில் திணித்து, வாய்க்கு வந்தபடி திட்டினான். சமாதானம் சொல்லக் குழலி இல்லை. கூட்டம் குறைந்துகொண்டே வந்தது.

குழலி வீட்டைவிட்டு வரவில்லை. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டே இருந்தாள். வெளியூர்க்காரர் கேட்டால் திருத்தணிக்கு வேண்டிக்கொண்டு முடி கொடுத்தேன் என்பாள். தெருவுக்கே நிஜம் தெரியும். ஆனாலும் நம் ஜனங்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, பாவப்பட்டவள் சொல்கிற பொய்யை உடைக்க மாட்டார்கள். "முருகனுக்குத்தானே, நல்லதும்மா" என்று அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

"அதான் மூடிட்டேனே, வாயேன்" என்றான் மயில்வாகனம். வந்தாள். வாசற்படியில் நின்றாள். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டதும் திரும்பிப் போய்விட்டாள். மறுபடி ஒரு நாள் கூப்பிட்டான், மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னும் இன்னாதான் செய்யச் சொல்ற? நீ கேட்ட மூடிதான?"

"எங்க இருக்குதுன்னு தெரியலீங்க. சத்தம் மட்டும் கேக்குது. அந்தத் தகரம் பூரா அதுவே நெறைஞ்சி இருக்கற மாதிரி இருக்குது. தொறந்து ஓட்டுங்க, ஒருவாட்டி பாத்துடறேன்."

"என் உசுரே போனாலும் தொறக்க மாட்டேன்."

விதியின் விளையாட்டைப் பாருங்கள். மூடு மூடு என்றவள் இப்போது திற என்கிறாள், மாட்டேன் என்று நின்றவன் மூடியைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது. சோறு போடுவாள், சாப்பிடுவான். இனி அவள் மெஷின் பக்கமே வரமாட்டாள், இந்த ஜன்மத்துக்கு இப்படியே போய்விடும் என்று அவன் பயந்தான்.

ஆயுத பூஜை வந்தது. மெஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, மாவு துடைத்து, மோட்டாருக்கும் கல்லுக்கும் பெல்ட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். மறுநாள் விஜயதசமி காலையில் பிள்ளையாருக்கு ஒரு பிடி பச்சரிசி அரைத்துத்தான் மெஷினை மறுபடி ஓட்டுவது வழக்கம். அந்த அரிசியைப் போடுவது என்றைக்கும் குழலியின் கை. அதை மட்டும் அவளால் விட முடியவில்லை. முறத்தில் அரிசியோடு வந்தாள். அரைக்கக் காத்திருந்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மணியம்மாளும் நின்றிருந்தாள்.

மயில்வாகனம் தகர மூடியை மாட்டுவதற்குக் கையில் எடுத்தான்.

"மூடாதீங்க. அப்டியே சுவிட்ச போடுங்க."

"மூடிட்டுதான் போடுவேன்."

"அப்ப நான் வூட்டுக்குப் போறேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். சும்மா சொல்லவில்லை, போய்விடுவாள். இப்போது போனால் திரும்ப மாட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. மூடியைச் சுவரில் சாய்த்தான். பழைய கயிற்றைத் தேடி எடுத்துக் கட்டினான்.

"அந்தத் தூணாண்ட நில்லு. இன்னும் தள்ளி. அந்த முந்தானை தொங்குது பாரு, மொதல்ல அத இழுத்து இடுப்புல செருகு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அத்தனை பெண்களுக்கு நடுவில் அவளைத் தலையைத் திறக்கச் சொல்லிவிட்டான். குழலி அவனைப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலையிலிருந்து இழுத்து, சுற்றி, வேலை செய்கிறவள் செருகுவதுபோல இடுப்பில் இறுக்கிச் செருகினாள். குட்டையாக வளர்ந்திருந்த முடியும், காதுக்கு மேலே முடி முளைக்காத அந்த இடமும் எல்லோருக்கும் தெரிந்தது.

"போடுங்க."

போட்டான். பெல்ட்டு மெதுவாக நகர்ந்து, பிறகு வேகம் பிடித்தது. 'டப்... டப்... டப்.' வைத்த குங்குமம் ஒரு சிவப்புக் கோடாக ஓடியது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முகத்தில் வேர்த்துக் கொட்டியது, காலை மட்டும் நகர்த்தவில்லை. அவன் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இத்தினியூண்டுதானா இது?" என்றாள் கடைசியில். "கனாவுல மலைப்பாம்பாட்டம் வந்துச்சே."

கூட்டத்தில் விவரம் தெரியாத ஒருத்தி, "திருத்தணிக்காம்மா முடி குடுத்த?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்திலிருந்தவள் அவளைக் கிள்ளினாள்.

"இல்லம்மா. இதுதான் வாங்கிக்கிச்சு" என்று குழலி பெல்ட்டைக் காட்டினாள்.

மணியம்மாள்தான் அந்த இறுக்கத்தைத் தளர்த்தினாள். "இன்னா குழலி, தரிசனம் ஆச்சா? தெரைய போட்டுடச் சொல்லலாமா?"

பெண்கள் சிரித்தார்கள். குழலியும் சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் மயில்வாகனம் கேட்கிறான். அவனுக்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதான்.

"பாத்துட்டேன். இப்ப மூடுங்க" என்றாள் அவள். "தெனம் காலைல ஓட்டறதுக்கு முன்னாடி தொறந்து பாருங்க, நானும் பாக்கறேன். நைஞ்சிருந்தா மாத்திடலாம். அப்புறம் மூடிட்டு ஓட்டலாம்."

அவன் சுவிட்சை இறக்கினான். பெல்ட்டு முழுக்க நிற்கும்வரை காத்திருந்து மூடியை மாட்டினான். யாரோ ஒருத்தி பழக்கதோஷத்தில் அதன் மேல் ஒரு டின்னை வைத்தாள். மயில்வாகனம் வாயைத் திறப்பதற்குள் குழலி போய் அதை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அதும்மேல வெக்காதம்மா. உள்ள இன்னா ஓடுதுன்னு எனக்குத் தெரியும்."

பிறகு அவன் மெஷினை ஓட்ட, அவள் முறத்திலிருந்த அரிசியைப் பிள்ளையாருக்கென்று அதில் போட்டுவிட்டு, முந்தானையைத் தலைக்கு ஏற்றாமலே, வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"அடுத்தது யாருது? மொளகா இருந்தா பின்னால போ."